மழலையர் உணவு: ஊட்டுவோர் கடனும் உண்போர் உரிமையும்

நம் கல்லூரியில் தமிழ் பயின்ற எவரும் திருக்குறளின் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தை மறந்திரார். குழந்தை தன் கையாற் குழப்பிய கூழின் சுவையை வள்ளுவர் அங்கே வியந்து போற்றுகின்றார். புறநானூற்றிலே பாண்டியன் அறிவுடை நம்பியும், நெய்ச்சோற்றை உடம்பெல்லாஞ் சிந்திக்கொண்டு உண்ணும் சிறு குழந்தையையே பெருஞ்செல்வமாகக் கண்டான். இவ்விரு பாடல்களையும் மனனஞ் செய்து ஒப்புவித்த நாம், அவற்றுள் அடங்கிய ஓர் உண்மையை அன்று கவனிக்கவில்லை. அங்கே உண்கலத்தினுள் இருப்பது குழந்தையின் கை. பெரியோர் அருகிருந்து மகிழ்கின்றனர். உண்ணுதல் குழந்தையின் செயலாகவே நிற்கின்றது.

இற்றை நாளில் வட்டுக்கோட்டையிலும் அயற் கிராமங்களிலும் பல வீட்டு முற்றங்களிற் காணப்படுவது வேறொரு காட்சியாகும். கையிற் கோப்பையுடன் பெரியவர் ஒருவர் பிள்ளையின் பின்னே ஓடுகின்றார். காகங் காட்டப்படுகின்றது, கைத்தொலைபேசியிற் படங் காட்டப்படுகின்றது, பிள்ளை தன்னை மறந்து வாய் திறந்த கணத்தில் ஒரு கவளம் உள்ளே தள்ளப்படுகின்றது. ஒரு நாழிகைக்கு மேலாக நடைபெறும் இப்போராட்டத்தின் முடிவிலே தாய் அழுகின்றாள், பிள்ளையும் அழுகின்றது. "பிள்ளை ஒன்றும் சாப்பிடுகிறாரில்லை" என்னும் முறைப்பாடு மாத்திரம் எஞ்சுகின்றது.

இக்கட்டுரையில் யாம் சொல்ல வந்தது ஒன்றே. எதை, எப்பொழுது, எவ்விடத்தில் உண்ணக் கொடுப்பது என்பது பெரியோர் கடன். எவ்வளவு உண்பது என்பது பிள்ளையின் உரிமை. கடனிலே தவறிய நாம், அத்தவற்றை மறைக்க உரிமையைப் பறிக்கின்றோம். மழலையர்க்கு நேரும் ஊட்டற் கஷ்டங்களுட் பெரும்பாலன இதனாலேயே விளைகின்றன. இதனைப் பிறர்க்கு உபதேசிக்குந் தகுதி எமக்கு உண்டென்று கருதி எழுதவில்லை. எமது இல்லத்திலேயே நேர்ந்த பிழையொன்று எம்மை எழுதத் தூண்டிற்று.

எமது மகள் வயிற்றுப் பேரன் ஒன்பதாம் மாதத்தில் 8.6 கிலோகிராம் நிறையுடையவனாய் இருந்தான். அதன்பின் தாய் உத்தியோகத்துக்குத் திரும்பவே, பிள்ளை அம்மம்மாவின் பொறுப்பாயிற்று. பதினைந்தாம் மாதத்தில் நிறுத்தபோது அவன் நிறை 8.8 கிலோகிராம். ஆறு மாதங்களில் ஏறியது 200 கிராம் மாத்திரமே. வளர்ச்சிப் பதிவேட்டிலே மேல்நோக்கிச் செல்லவேண்டிய கோடு தரையிற் போட்ட பாய் போலக் கிடந்தது. பிள்ளை வெளிறியிருந்தான், விளையாட்டிலும் ஊக்கமில்லை. கண்ணூறு என்று கருதி நூல் கட்டுவித்தோம். பசிக்கு மருந்துந் தேடினோம். இறுதியில் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு எம்மை நோக்கி அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஐயா, பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் பால் குடிக்கிறார்?"

எண்ணிப் பார்த்தோம். காலை எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நண்பகல் உறங்குமுன் ஒன்று, மாலை ஒன்று, இரவு ஒன்று. போத்தல் ஒன்றுக்கு 200 மில்லிலீற்றர் வீதம் நாளொன்றுக்கு ஒரு லீற்றர்! இடையிடையே பிஸ்கற்றும் தேநீரும் வேறு. சோற்றுக் கோப்பை வரும்போதெல்லாம் அவன் வயிறு நிறைந்தே இருந்தது. எமது பேரன் பிடிவாதக்காரன் அல்லன், வயிறு நிறைந்தவன். அவன் வாயை மூடியது நேர்மையான விடையாகும். அதனை விளங்கிக்கொள்ளாதவர் நாமே.

இனி, அன்றுமுதல் யாம் கேட்டும் கற்றும் அறிந்தவற்றை முறைப்படக் கூறுவோம்.

முதல் ஆறு மாதங்கள்

பிறந்து ஒரு மணித்தியாலத்துள் தாய்ப்பால் தொடங்கப்படல் வேண்டும். முதற் சில நாட்களிற் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் நோயெதிர்ப்புச் சத்துக்கள் செறிந்தது. அதனைப் பிழிந்தூற்றிவிட்டுச் சீனித்தண்ணீரோ தேனோ நாவில் தடவுதல் பெருந்தவறு. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் எவ்வகையாலும் ஆகாது. அரிதாயினும் கொடியதான ஒருவகை நச்சு நோயைத் தரும் கிருமிவித்துக்கள் அதில் இருத்தல் கூடும். பங்குனி சித்திரை வெயிலிலும் இப்பருவத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டியதில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் நீரேயாகும்.

பால் போதாது என்னும் அச்சம் நம்மூர்த் தாய்மார் பலர்க்கு உண்டு. பால்சுறாவும் முருங்கையிலையும் உள்ளியும் சமைத்துக் கொடுக்கும் நம் வழக்கம் தாய்க்கு நல்ல போசணையைத் தருவதால் நன்றே. ஆயினும் பாலைச் சுரப்பிக்கும் முதன்மையான மருந்து பிள்ளையின் வாய்தான். அடிக்கடி சப்பிக் குடிக்குந்தோறும் பால் சுரக்கும். போத்தற்பால் இடையில் நுழையுந்தோறும் சுரப்புக் குறையும். பிள்ளையின் நிறை ஏறுகின்றதா, நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமற் சிறுநீர் கழிக்கின்றதா என்னும் இரண்டையும் பார்த்தாற் பால் போதுமா என்பது தெரிந்துவிடும். குடிக்கையில் தாய்க்கு நோவு உண்டாயின் பிள்ளையை அணைத்துப் பிடிக்கும் முறையைத் திருத்தவேண்டும். போத்தலைத் தேடுதல் அதற்குப் பரிகாரமன்று.

போத்தலின் கதையை நம் ஊரார் மலாயாக் கதையோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெரியோர் பலர் மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் சேவையிலும் வேலை பார்த்த காலத்தில், யமேக்காவிற் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர் அந்நாட்டிற் பணி புரிந்தார். அதற்கு முன்னர், இன்று கானா எனப்படும் ஆபிரிக்கத் தங்கக்கரையிலே, தாய்ப்பால் மறந்தபின் உடல் வீங்கி மயிர் வெளிறி இறக்கும் பிள்ளைகளை அவர் கண்டிருந்தார். அந்நோய்க்கு அவ்வூரார் வழங்கிய குவாசியோர்க்கர் என்னும் பெயரையே 1935இல் மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய் மடியினின்று இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அப்பெயரின் கருத்தாகும். பின்னர் 1939இல், சீனி கலந்த ரின்பாலைக் குழந்தைகட்கு ஏற்ற உணவென விற்றதனால் நேர்ந்த மரணங்களைச் சிங்கப்பூரிலே ஒரு சபையின்முன் எடுத்துரைத்தார். பாலும் கொலையும் என்பது அப்பேச்சின் தலைப்பு. இத்தகையோர் முயற்சிகளின் பயனாக, 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது. இலங்கையும் தனக்கென ஒரு கோவையை வகுத்துக்கொண்டது.

இத்துறையில் நம் நாடு வெற்றி பெற்றது என்றே சொல்லலாம். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் ஒன்றையே அருந்தினர். அதே அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோருள் நூற்றுக்கு 15 பேர் தம் உயரத்துக்கு ஏற்ற நிறையின்றி மெலிந்திருந்தனர். 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியிருந்தனர். தாய்ப்பாலில் நன்கு தொடங்கும் நாம், சோற்றுக் கோப்பையை எடுத்தபின் சறுக்குகின்றோம் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

சோறு தீத்தும் பருவம்

ஆறாம் மாதம் நிறைகையிற் கோயிலிலோ வீட்டிலோ நல்ல நேரம் பார்த்துச் சோறு தீத்துதல் நம் வழக்கம். நம் முன்னோர் வகுத்த இக்காலம் விஞ்ஞானத்துக்கும் ஒத்ததாகும். தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு சொற்பம். ஆதலின் ஆறு மாதம் நிறைந்ததும் வேறுணவு தொடங்கப்படல் வேண்டும். தாய்ப்பாலோ இரண்டாண்டும் அதற்கு மேலும் தொடரலாம்.

தாய்ப்பாலுக்கு மேலதிகமாக ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300 கலோரியும், இரண்டாம் ஆண்டில் 550 கலோரியும் தேவை. பிள்ளையின் இரைப்பையோ மிகச் சிறியது. எட்டுக் கிலோ நிறையுள்ள பிள்ளை ஒரு வேளைக்குக் கொள்ளக்கூடியது ஏறக்குறைய ஒரு கோப்பை அளவேயாகும். அச்சிறிய வயிற்றை நீர்த்த கஞ்சியாலும் வடித்த சூப்பாலும் நிரப்பினால் வயிறு நிறையும், உடல் ஏறாது. கரண்டியைச் சிறிது சரித்தால் ஓடி வழியாமல் நிற்கும் பதமே குழந்தையுணவின் பதம். முதலில் நன்கு மசித்த சோறு, எட்டு ஒன்பது மாதத்திற் கட்டி கட்டியாக மசித்தது, ஓராண்டில் வீட்டார் உண்ணும் உணவு என்று படிப்படியாக ஏறுதல் வேண்டும். ஒன்பது பத்து மாதம் கடந்தும் அரைத்து வடித்தே கொடுத்த பிள்ளை, பின்னர் மெல்லும் உணவைக் கண்டாற் குமட்டும். பல் முளைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை; மெல்லிய கட்டிகளை முரசே நசுக்கும்.

சத்துணவு கடையிற் பெட்டியில் வருவது என்பது ஒரு மயக்கம். 2021, 2022ஆம் ஆண்டுகளிற் பால்மாவுக்காக வரிசையில் நின்றதை மறந்திரோம். சங்கானைச் சந்தையிற் கிடைக்கும் பயறு, பருப்பு, உழுந்து, குரக்கன், எள்ளு, பூசணி, கீரை, பப்பாசிப்பழம் யாவும் குழந்தைக்குரியனவே. சோறும் பருப்பும் முருங்கையிலையும் சேர்த்து வேகவைத்து மசித்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ முதற் தேங்காய்ப்பாலோ விட்டாற் சிறிய அளவில் மிகுந்த சத்து அடங்கும். முட்டையையும் மீனையும் ஓராண்டு வரை விலக்கும் வழக்கத்துக்கு ஆதாரமில்லை. ஆறு மாதம் நிறைந்தபின் நன்கு வெந்த முட்டையும், முள் நீக்கி மசித்த மீனும் கொடுக்கலாம். சைவ உணவினர் பருப்பு வகையோடும் கீரையோடும் சிறிது தேசிக்காய்ச் சாறோ மாம்பழம் பப்பாசி போன்ற பழமோ சேர்த்தல் நன்று. அவற்றிலுள்ள விற்றமின் சீ, தாவர உணவின் இரும்பை உடல் ஏற்கத் துணை செய்யும். தேநீர் அதற்கு மாறாக இரும்பைத் தடுக்கும். ஆதலின் மழலையர்க்குத் தேநீர் ஆகாது. ஓராண்டு வரை உப்பும் சீனியும் சேர்க்க வேண்டியதில்லை. கச்சானும் கடலையும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியன, முழுதாகக் கொடுக்கலாகாது.

முதற் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகின்றோம். ஏடும் எழுதுகோலும் நகையும் பரப்பி, பிள்ளையின் கை எதை எடுக்கின்றது என்று சுற்றத்தார் எல்லோரும் ஆவலோடு பார்க்கின்றோம். அன்று அக்கையின் தெரிவை அத்துணை மதிக்கும் நாம், மறுநாள் அதே கை சோற்றுக் கோப்பையினுட் சென்றால் தட்டி விலக்குகின்றோம். இம்முரண்பாடு நமக்குத் தோன்றுவதில்லை.

ஓராண்டின் பின் குறையும் பசி

"முன்பு நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை இப்போது மறுக்கிறது" என்பது ஓராண்டைக் கடந்த பிள்ளைகளைப் பற்றிய பொது முறைப்பாடு. முதலாண்டில் ஒரு குழந்தை ஏறக்குறைய ஆறு கிலோ ஏறும்; இரண்டாம் ஆண்டில் ஏறுவது இரண்டரைக் கிலோ அளவே. வளர்ச்சியின் வேகம் குறையவே, உடல் நிறையோடு ஒப்பிடப் பசியும் குறைகின்றது. இது இயற்கை. ஒருநாள் மிகுந்தும் மறுநாள் குறைந்தும் உண்ணுதலும், அறியாத உணவைக் கண்டு அஞ்சுதலும் இவ்வயதின் குணங்களே. புதிய உணவொன்றைப் பத்துத் தடவைக்கு மேலும் வற்புறுத்தலின்றி முன்வைத்த பின்னரே ஏற்கும் பிள்ளைகள் பலர். இரண்டாந் தடவையிலேயே "இவருக்குக் கீரை பிடியாது" என்று தீர்ப்புக் கூறுதல் அவசரமாகும்.

இவ்வியற்கையை நோயென்று கருதி வாயைப் பிடித்துத் திறந்து ஊட்டினால் அது நோயாகவே முடியும். கோப்பையைக் கண்டதும் அச்சமும் குமட்டலும் வரப் பிள்ளை பழகிவிடும். படங் காட்டி ஊட்டினாலோ, பசியையும் நிறைவையும் உணரும் இயல்பே மழுங்கும். இவற்றுக்கு மாற்று எளியது: மூன்று வேளை உணவும் இரண்டு சிற்றுணவும் ஒரே நேரங்களில் அமைத்தல், இடையில் தண்ணீர் மாத்திரம் கொடுத்தல், ஓராண்டின்பின் கறந்த பாலோ பால்மாப் பாலோ நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றரைக் கடவாது கோப்பையிற் கொடுத்தல், எல்லோரும் உண்ணும் இடத்திலே பிள்ளையையும் இருத்தி, தன் கையால் உண்ண விடுதல், அரை மணித்தியாலத்தின்பின் சினமுமின்றிப் புகழ்ச்சியுமின்றிக் கோப்பையை எடுத்துவிடுதல்.

காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் உணவை நிறுத்தும் பழைய வழக்கமும் ஒழிதல் வேண்டும். வயிற்றோட்டத்தில் ஜீவனிக் கரைசலோடு தாய்ப்பாலும் இலகுவான உணவும் தொடரவேண்டும். சுகமானபின் இரு வாரமளவுக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை மேலதிகமாகக் கொடுத்தாற் குறைந்த நிறை மீளும்.

எல்லாக் கஷ்டமும் ஊட்டும் முறையால் வருவன அல்ல. பால் குடிக்கையில் வியர்த்துக் களைத்தல், விழுங்குந்தோறும் இருமிப் புரையேறல், ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம், வெளிறல், எந்நேரமும் சோர்வு, நிறை ஏறாமை அல்லது குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் தாமதியாது வைத்தியரிடம் காட்டல் வேண்டும். இருதயக் குறையும், நாவின் கட்டும், விழுங்கும் தசைகளின் தளர்ச்சியும் ஊட்டற் கஷ்டமாகவே முதலில் வெளிப்படுதல் கூடும்.

கோடு மேலேறிய விதம்

எமது பேரனின் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், இரும்புக் குறைவு உண்டெனக் கூறி மருந்து கொடுத்தார். மற்றது எங்கள் வேலையாயிற்று. சூப்பிப்போத்தலை நீக்கினோம். காலையும் இரவும் கோப்பையில் 200 மில்லிலீற்றர் பால். தேநீரும் பிஸ்கற்றும் இல்லை. நாம் உண்ணும் பாயிலே அவனுக்கும் ஓரிடம். முதல் நான்கு நாட்களும் அவன் உண்டது மிகச் சொற்பம். பட்டினி போடுகின்றோமோ என்று எம் மனைவியார் கண்ணீர் விட்டார். யாமும் இருமுறை உறுதி தளர்ந்தோம். ஐந்தாம் நாள் நண்பகலில், ஒருவரும் அவனைப் பாராதிருந்த வேளையிற் பருப்புச் சோற்றைத் தன் கையால் அள்ளி வாயில் வைத்தான். பாதி நிலத்திற் சிந்திற்று. பாண்டியன் கண்ட செல்வம் அதுவே என்று அன்றுதான் உணர்ந்தோம். பதினெட்டாம் மாதத்தில் அவன் நிறை 9.9 கிலோகிராம். பதிவேட்டிற் கோடு நிமிர்ந்தது.

இவ்விடத்தில் ஒன்று மறத்தலாகாது. எங்கள் வீட்டிற் கோப்பை நிறைந்திருந்தது, முறைதான் பிழைத்திருந்தது. கோப்பையே வெறுமையாய் இருக்கும் வீடுகளும் நம் அயலில் உண்டு. அவ்வீட்டுத் தாய்க்கு உபதேசம் பயன்படாது. நிறை குறைந்த பிள்ளைகளுக்காக 1973இல் அரசு தொடங்கிய திரிபோஷா என்னும் சத்துமா அத்தகையோர்க்கே உரியது; அதனையும் வீட்டார் எல்லோரும் பங்கிட்டால் பிள்ளைக்கு எஞ்சுவது சிறிதாகும். பழைய மாணவர் சங்கத்தினராகிய நாம், எங்கள் குடும்பநல உத்தியோகத்தரைக் கலந்து, நிறை ஏறாத பிள்ளைகளுள்ள இல்லங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டையோ ஒரு பிடி பயறோ கிடைக்க வழி செய்தால், அது இவ்விழாவுக்கு ஏற்ற அறமாகும்.

1847ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைக்கு வந்து, பின் மானிப்பாயில் நிலைத்துப் பணிபுரிந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், உடற்கூறும் பிரசவமும் பற்றிய மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணாக்கர்க்கு மருத்துவங் கற்பித்தார். தாய்மொழியில் எட்டாத அறிவு வீட்டுக்குள் நுழையாது என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கப்படும் வளர்ச்சிப் பதிவேடு தமிழிலேயே நம் கைக்கு வருகின்றது. எத்தனை தந்தையர், எத்தனை பாட்டனார் அதனைத் திறந்து வாசித்தோம்? அது பெண்டிர் காரியம் என்று அலுமாரியில் வைத்துவிட்டோம். ஆறு மாதமாக ஏறாத கோட்டை யாமும் அவ்வாறே பாராதிருந்தோம்.

ஆதலின் நண்பர்காள், இம்மலரை மூடி வைத்ததும் வீட்டிலுள்ள பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கோடு ஏறுகின்றதாயின் மகிழ்ந்து, சிந்திய சோற்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏறவில்லையாயின் கோப்பையுடன் ஓடுமுன் ஒரு நாட் கணக்கை எழுதிப் பாருங்கள். பிழை எங்கேயென்று அக்கணக்கே பெரும்பாலும் காட்டும்.